நிலத்தடி நீரும் கணிப்பொறி மாதிரியும்: பிழை காணலும் துணை வேண்டலும்

மண்ணின் மேல் ஓடும் நீரைக் கண்ணால் காண்கிறோம். மண்ணுக்குள் ஊர்ந்து செல்லும் நீரைக் கணக்கால்தான் காண இயலும். ஆற்று வெள்ளம் ஒரே நாளில் கடந்துவிடும் தொலைவை, மணற்படுகைக்குள் ஊறிச் செல்லும் நீர் கடப்பதற்குத் தலைமுறைகள் பல ஆகும். ஆகவே ஓர் ஊரில் இன்று தோண்டும் ஆழ்துளைக் கிணறு பக்கத்து ஊர்க் கிணறுகளை எந்த அளவு தாக்கும் என்பதைக் கிணற்றங்கரையில் நின்று எவரும் சொல்லிவிட முடியாது. அதனைக் கணித்துச் சொல்வதற்கென்றே அறிவியலார் கணிப்பொறி மாதிரிகளை அமைத்துள்ளனர். அம்மாதிரிகளை இயக்கும் மென்பொருளில் தடை நேரும்போது அதன் காரணத்தைக் காண்பது எவ்வாறு, பிறரிடம் துணை வேண்டுவது எவ்வாறு என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். ஆய்வேட்டின் மொழிநடையைத் திருத்தித் தருமாறு வேண்டி எம்மிடம் வரும் நிலவியல், புவியியல் மாணவர்களோடு அமர்ந்து பேசியதில் யாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. அவர்களுடைய இடர்ப்பாட்டில் பாதி கணக்கைச் சார்ந்தது. மறுபாதி மொழியைச் சார்ந்தது. மென்பொருள் தரும் பிழைச் செய்தியை அவர்கள் ஊன்றிப் படிப்பதில்லை. தம் இடரைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது வேண்டியதை விட்டு வேண்டாததைச் சொல்கின்றனர். படித்தலும் எடுத்துரைத்தலும் தமிழ்த்துறையின் தொழில்கள் அல்லவா?

மாதிரியின் அடிப்படை

1856ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஆன்றி டார்சி, தீழோன் நகரின் குடிநீர்த் திட்டம் பற்றிய தம் நூலில் ஒரு சோதனையை விளக்கினார். மணல் நிரப்பிய குழாயின் வழியே நீரைச் செலுத்தி அளந்தார். இரு முனைகளிலும் உள்ள நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் மிகும். மணலின் நீளம் மிகுந்தால் ஓட்டம் குறையும். மணலுக்கு மணல் மாறுபடும் ஓர் எண்ணும் இதில் உண்டு. அதனை நீர் கடத்துதிறன் என்கிறோம். நிலத்தடி நீரியல் முழுவதும் இச்சிறு விதியின்மேல் எழுந்த கட்டடமே ஆகும்.

இவ்விதியைக் கொண்டு ஒரு வட்டாரம் முழுவதையும் கணக்கிட வேண்டுமாயின் நிலத்தை வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்குகளாகவும் பகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு சிறு பெட்டியையும் கட்டறை எனலாம். ஒரு கட்டறைக்குள் வரும் நீரிலிருந்து வெளியேறும் நீரைக் கழித்தால் எஞ்சுவது அங்கே சேமிப்பாகும். வரவு, செலவு, இருப்பு என்னும் வணிகர் கணக்கேடுதான் இது. ஒரு கட்டறையின் செலவு அடுத்த கட்டறையின் வரவாகிவிடுவதால் எல்லாக் கணக்குகளையும் ஒருங்கே தீர்க்க வேண்டியுள்ளது. கட்டறைகள் ஓரிலட்சம் என்றால் சமன்பாடுகளும் ஓரிலட்சம். மனிதக் கைக்கு அடங்காத இவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது.

கணிப்பொறிகள் பரவுவதற்கு முன்னர் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் வலைபோல் இணைத்து, மின்னோட்டத்தை நீரோட்டமாகப் பாவித்து அளந்தனர் என்பது இக்காலத்து மாணவர்க்கு வியப்பாகத் தோன்றும். மின்னோட்டத்தின் விதியும் டார்சியின் விதியும் வடிவத்தில் ஒன்றே ஆதலின் அது இயன்றது.

இத்துறையில் உலகெங்கும் பெரிதும் வழங்குவது மாட்ஃப்ளோ என்னும் மென்பொருளாகும். அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் மெக்டொனால்டு, ஆர்லன் ஹார்பா ஆகிய இருவரும் ஃபோர்ட்ரான் மொழியில் இதனை இயற்றினர். 1984இல் முதல் விளக்கவுரையும் 1988இல் திருந்திய பதிப்பும் வெளிவந்தன. அரசு நிறுவனத்தின் படைப்பாதலால் எவரும் விலையின்றிப் பெறலாம். நிரல்மூலத்தையும் திறந்து படிக்கலாம். இலக்கண நூலார் எழுத்து, சொல், பொருள் எனப் பகுத்து வைத்ததுபோல, கிணற்றுக்கு ஒரு பொதி, ஆற்றுக்கு ஒரு பொதி, மழை ஊறலுக்கு ஒரு பொதி என இதனை அவர்கள் பகுத்து அமைத்தனர். பின்வந்தோர் பழைய கட்டடத்தை இடிக்காமல் புதிய அறைகளைச் சேர்க்க இப்பகுப்பு வழிவகுத்தது. 2017இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட மாட்ஃப்ளோ 6 இன்று முதன்மைப் பதிப்பாக விளங்குகிறது. 2005 என்னும் பெயருடைய முந்தைய பதிப்பைக் கையாள்வோரும் இன்னும் பலர் உளர்.

ஓடாத மாதிரி

மாதிரியில் நேரும் பிழைகளை இருவகையாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. ஒன்று, மாதிரி ஓடாமல் நின்றுவிடுவது. மற்றொன்று, மாதிரி நன்றாக ஓடிப் பொய்யான விடையைத் தருவது. முன்னது கண்டு மாணவர் கலங்குகின்றனர். யாமோ முன்னதை நண்பன் என்றே சொல்லுவோம். ‘இங்கே தவறு உள்ளது’ என்று முகத்துக்கு நேரே சொல்பவன் பகைவன் ஆகான்.

மாதிரி நின்றுவிட்டால் முதலில் திறக்க வேண்டியது பட்டியல் கோப்பு. மென்பொருள் தான் எந்தக் கோப்பைத் திறந்தது, எந்த எண்ணைப் படித்தது, எந்த இடத்தில் தடுமாறியது என்பனவற்றை ஒன்றுவிடாமல் அதில் எழுதி வைக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் திரையில் தோன்றும் இறுதி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கணிப்பொறியை அணைத்துவிடுகின்றனர். இறுதி வரி விளைவைச் சொல்லும். காரணம் அதற்கு முன்னரே எங்கோ எழுதப்பட்டிருக்கும். நூறு பிழைகள் வரிசையாக வந்திருந்தாலும் முதற்பிழை ஒன்றைத் திருத்தினால் ஏனைய மறைந்துபோதல் உண்டு. ஆதலின் பட்டியல் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மென்பொருள் படித்ததாகச் சொல்லும் எண்ணும் நாம் எழுதியதாக நினைக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். ஓலைச்சுவடிகளைப் பாடவேறுபாடு நோக்கி ஒப்பிடும் பதிப்பாசிரியரின் வேலைக்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை.

இவ்வகைப் பிழைகளில் எளியன பல. பெயர்க் கோப்பில் குறித்த கோப்பு அந்தக் கோப்புறையில் இல்லாதிருக்கலாம். கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால், பெயரின் முதற்பாதியை மட்டும் பெயரெனக் கொண்டு மென்பொருள் தேடும். கோப்புறைக்குத் தமிழெழுத்தில் பெயரிட்டால் பழைய நிரல்கள் திகைத்துவிடக்கூடும். தமிழ்ப் பற்றினால் அவ்வாறு பெயரிட்ட மாணவர்க்கு இதனைச் சொல்ல எமக்கே மனம் வருந்துகிறது. எனினும் ஆய்வு முடியும்வரை உரோமன் எழுத்தே பாதுகாப்பானது. 1988ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வோர் எண்ணும் பத்து இடங்கள் கொண்ட நிரலுக்குள் அமைய வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தது. ஓர் எண் ஓரிடம் வலப்புறம் நகர்ந்தால் ஆயிரம் நூறாகிவிடும். 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கட்டு தளர்ந்தது. மாட்ஃப்ளோ 6இல் ஒவ்வொரு பகுதியும் தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் கொண்டு அமைவதால் பிழைச் செய்திகளும் முன்னையினும் தெளிவாக உள்ளன.

இவற்றினும் அரியது குவியாமை என்னும் இடர். மென்பொருள் நீர்மட்டங்களை முதலில் உத்தேசமாகக் கொண்டு, மீண்டும் மீண்டும் திருத்திச் செல்கிறது. இருமுறைகளுக்கு இடையே தோன்றும் மாற்றம் நாம் குறித்த அளவுக்கு, எடுத்துக்காட்டாக 0.001 மீட்டருக்கு, உட்பட்டால் விடை குவிந்தது என்று நிற்கும். சில வேளைகளில் அது குவியாமல் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது மாணவர் செய்வது என்ன? 0.001 என்பதை 1 என்று மாற்றிவிடுகின்றனர். மாதிரி உடனே ஓடி முடிகிறது. காய்ச்சல் கண்டவனின் வெப்பமானியை உடைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கு ஒப்பாகும் இது. திருத்தும் முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது சில இடங்களில் பயன் தரும். ஆயினும் ஆடுவது ஏன் என்பதைக் காண்பதே முறை.

காரணம் பெரும்பாலும் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கும். கட்டறையின் அடித்தளத்துக்குக் கீழே தொடக்க நீர்மட்டத்தைக் கொடுத்திருந்தால் கணக்குத் தொடங்கும் முன்பே அக்கட்டறை வறண்டுவிடும். வறண்ட கட்டறையைப் பழைய பதிப்புகள் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். நீர் மீண்டும் ஏறினால் நனைக்கும் பொதி ஒன்று அதனை மீளச் சேர்க்கும். சேர்த்தவுடன் அது மறுபடியும் வறளும். ஊஞ்சல் ஆடுவதற்கு இதுவே தலையாய காரணம். 2011இல் வெளிவந்த நியூட்டன் முறைப் பதிப்பு, வறண்ட கட்டறையை நீக்காமல் கணக்கில் வைத்துக்கொண்டு இவ்விடரைப் பெரிதும் தீர்த்தது. மாட்ஃப்ளோ 6இலும் அம்முறையைத் தேர்ந்துகொள்ளலாம். களிமண்ணும் பருமணலும் அடுத்தடுத்த கட்டறைகளில் அமைந்து கடத்துதிறன் ஒன்றுக்கொன்று பல்லாயிரம் மடங்கு மாறுபடுவதும், ஓர் அடுக்கு சில இடங்களில் மிக மெலிந்துபோவதும் வேறு காரணங்கள்.

காலத்தால் மாறாத நிலைத்த ஓட்டக் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. எல்லைகள் அனைத்திலும் ஓட்டத்தின் அளவை மட்டும் கொடுத்து, நீர்மட்டத்தை ஓரிடத்திலும் கட்டிவைக்காவிட்டால் தனித்த விடை கிடையாது. தம்பியைவிட அண்ணனுக்கு வயது மூன்று மிகுதி என்று மட்டும் சொல்லி, இருவர் வயதையும் கேட்பதுபோன்ற கேள்வி அது. கடலோ ஏரியோ ஆறோ, நீர்மட்டம் தெரிந்த ஓரிடமேனும் மாதிரியில் இருத்தல் வேண்டும்.

ஓடிவிடும் மாதிரி

இனி இரண்டாம் வகை. யாம் அஞ்சுவது இதற்கே.

மாட்ஃப்ளோவுக்கு மீட்டரும் தெரியாது, அடியும் தெரியாது. எல்லா எண்களும் ஒரே அலகில் உள்ளன என்று நம்பியே அது கணக்கிடுகிறது. ஒரு நூலில் மணலின் கடத்துதிறன் நொடிக்கு 0.0001 மீட்டர் என்று கண்ட மாணவர், நாள் அலகில் அமைந்த தம் மாதிரியில் அவ்வெண்ணை அப்படியே எழுதிவிடுகிறார். ஒரு நாளில் 86,400 நொடிகள். அவர் எழுதியிருக்க வேண்டியது 8.64. மழை ஊறல் மட்டும் நாள் அலகில் சரியாக இருப்பின், வெளியேற வழியற்ற நீர் மாதிரிக்குள் மலையாகக் குவியும். நீர்மட்டம் தரைக்கு மேலே எழும்பி நிற்கும். ஆனால் பிழைச் செய்தி ஒன்றும் வாராது. வரவுசெலவுப் பட்டியலில் வேறுபாடு விழுக்காடு ஏறத்தாழச் சுழியமாகவே இருக்கும். கணக்குச் சரியாகக் கூட்டப்பட்டுள்ளது என்பதற்குத்தான் அது சான்று. கணக்கில் எழுதிய தொகை மெய்யானது என்பதற்கு அன்று. அவ்வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குமேல் இருந்தால் மாதிரியை நம்பக்கூடாது. சுழியமாக இருந்தால் நம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மழை ஊறலும் அவ்வாறே. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணுள் இறங்குவதாகக் கொண்டால் 120 மில்லிமீட்டர். மீட்டர், நாள் அலகில் அது 0.00033. இத்துணைச் சிறிய எண்ணை எழுதக் கை தயங்குவது இயல்பு. சுழியங்களை எண்ணிப் பார்ப்பதற்கு வெட்கப்படலாகாது.

கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு 500 கன மீட்டர் இறைப்பதை 500 என்று எழுதினால் மாட்ஃப்ளோ அதனைக் கிணற்றுக்குள் ஊற்றும் நீராகக் கொள்ளும். இறைப்பு என்பதால் கழித்தற்குறி இட வேண்டும். படத்தில் கிணற்றைச் சுற்றிப் பள்ளம் தோன்ற வேண்டிய இடத்தில் மேடு தோன்றினால் இதுவே காரணம். படத்தைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். ஆனால் கிணறுகள் முப்பது இருந்து, ஒன்றில் மட்டும் குறி மாறியிருப்பின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இவற்றைவிட நுண்ணியது கேள்வியே பிழையாக அமைவது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களின் இறுதியிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. கடல்நீர் உள்நாட்டை நோக்கிப் பல கிலோமீட்டர் ஊடுருவியது. கிணறுகள் உவர்த்தன. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இல் தனியே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய கடற்கரை நிலத்தை ஆராயும் மாணவர், நீரின் அடர்த்தி எங்கும் ஒன்றே என்று கொள்ளும் எளிய மாதிரியை அமைத்தால் அது தடையின்றி ஓடும். ஆயினும் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு மிகுதியான அடர்த்தி உடையது. அதனாலேயே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், அதன்கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் தங்கும் என்னும் கணக்கு எழுந்தது. ஒல்லாந்து நாட்டின் பாதோன் கைபனும் செருமனியின் எர்சுபர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு அது. தலைகீழாக நோக்கினால் அதன் கடுமை விளங்கும். மேலே ஒரு மீட்டர் தாழ இறைத்தால் கீழே நாற்பது மீட்டர் உவர்நீர் ஏறி வரும். இதனைக் கணக்கிட அடர்த்தி வேறுபாட்டைக் கருதும் சீவாட் என்னும் மென்பொருளோ, மாட்ஃப்ளோ 6இல் அதற்கென அமைந்த பொதியோ வேண்டும். எளிய மாதிரி தரும் விடை கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவன்று. ‘இன்னும் இவ்வளவு இறைக்கலாம்’ என்று அவ்விடை கூறி, அதனை நம்பி ஓர் ஊராட்சி கிணறு தோண்டினால், உவர்த்த கிணற்றை இனிப்பாக்க அவ்வூரார் எத்தனை மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும் என்பதை எந்த மென்பொருளின் பிழைச் செய்தியும் சொல்லாது.

அளவிட்ட நீர்மட்டங்களோடு மாதிரி பொருந்திவிட்டால் கவலை இல்லை என்று கருதுவாரும் உளர். அரிசோனா மாநிலத்தின் ஆற்றுப்படுகை ஒன்றுக்கு 1960களில் அமைத்த மின்வலை மாதிரி, நாற்பதாண்டுக் கால நீர்மட்டப் பதிவுகளோடு பொருத்தப்பட்டிருந்தது. அது முன்னுரைத்த 1965 முதல் 1974 வரையிலான நீர்மட்டங்களைப் பின்னர் கண்டறிந்த அளவுகளோடு ஒப்பிட்டு, லெனார்டு கொனிகோ என்பார் 1986இல் ஆய்வுரை வெளியிட்டார். முன்னுரைத்தவையும் மெய்யாக நிகழ்ந்தவையும் ஒத்துவரவில்லை. வருங்கால இறைப்பு கடந்த காலப் போக்கிலேயே செல்லும் என்று கொண்டது காரணங்களுள் ஒன்று. மனிதர் எவ்வளவு இறைப்பர் என்பது டார்சியின் விதிக்கு அடங்குவதன்று. பின்னர் 1992இல் அவரும் பிரெடகோஃப்டு என்பாரும், நிலத்தடி நீர் மாதிரியை மெய்ப்பித்துக் காட்டுதல் இயலாது என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினர்.

துணை வேண்டுமுன்

பிறரிடம் செல்வதற்கு முன் செய்யத்தக்க சோதனைகள் சில உள்ளன. மென்பொருளோடு சேர்த்தே எடுத்துக்காட்டு மாதிரிகளும் வழங்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். அது ஓடினால் மென்பொருளும் கணிப்பொறியும் நலமே; குறை நம் கோப்பில் உள்ளது. எடுத்துக்காட்டே ஓடாவிட்டால் நிறுவியதில் குறை. ஐந்து நிமிடச் சோதனை ஐந்து நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்து, இறுதியாக நன்றாக ஓடிய நிலைக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்து, எந்த மாற்றத்தில் தடை வருகிறது என்று காண வேண்டும். ஒரே நாளில் ஆறு மாற்றங்கள் செய்துவிட்டு எது காரணம் என்று தேடுவது வீண். பழைய நிலையைச் சேமித்து வைக்காதவர்க்கு மாற்று வழி, பொதிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதே. கிணறுகளை நீக்கியதும் ஓடுகிறதா? கிணறுகளில் பாதியை மட்டும் மீளச் சேர்த்தால்? இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் முப்பது கிணறுகளில் குற்றமுள்ள ஒன்றை ஐந்தாறு முறைக்குள் பிடித்துவிடலாம்.

படம் வரைந்து மாதிரி அமைக்க உதவும் மாடல்மியூசு போன்ற முகப்பு மென்பொருள்களைக் கையாள்வோர் இன்னொன்றும் அறிய வேண்டும். முகப்பு வேறு, உள்ளிருந்து கணக்கிடும் மாட்ஃப்ளோ வேறு. திரையில் நாம் வரைந்ததை முகப்பு கோப்பாக எழுதித் தர, மாட்ஃப்ளோ அக்கோப்பையே படிக்கிறது. ஆதலின் எழுதப்பட்ட கோப்பைத் திறந்து பார்த்தால் குறை எப்பக்கம் உள்ளது என்பது தெரியும். முகப்பின் குறையை மாட்ஃப்ளோ இயற்றியவரிடம் முறையிடுவது, அச்சுப்பிழைக்கு நூலாசிரியரை நோவதைப் போன்றது.

வேண்டும் முறை

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. துணை வேண்டி எழுதும் மடல்களில் அவற்றுள் மூன்றினை யாம் அடிக்கடி காண்கிறோம்: குன்றக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல். பவணந்தியார் கணிப்பொறியைக் கண்டாரில்லை. ஆயினும் கீழ்வரும் மடலைக் காட்டினால் குற்றத்தை உடனே பெயர் சொல்லி அழைத்திருப்பார்.

‘ஐயா, வணக்கம். என் மாதிரி ஓடவில்லை. மூன்று வாரமாக முயல்கிறேன். இம்மாத இறுதிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நெறியாளர் சினம் கொண்டுள்ளார். தாங்கள்தான் உதவ வேண்டும்.’

மாணவரின் துயரம் இதில் முழுமையாக உள்ளது. மாதிரியின் துயரம் ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பதிப்பு, எங்கே நின்றது, என்ன செய்தி வந்தது என ஒன்றும் தெரியாமல் எவர்தாம் எவ்வாறு உதவுவார்? மருத்துவரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவாரும் உண்டோ? இனி இதே மாணவர் எழுதத்தக்க மடல் ஒன்றை யாம் அமைத்துக் காட்டுவோம்.

‘மாட்ஃப்ளோ 6 பயன்படுத்துகிறேன். 3 அடுக்குகள், 60 வரிசைகள், 40 நிரல்கள். மீட்டர், நாள் அலகு. நிலைத்த ஓட்டக் கணக்கு முடிகிறது. 12 மாதக் கணக்கில் 5ஆம் மாதத்தில் குவியவில்லை. அம்மாதத்தில்தான் 2 புதிய கிணறுகள் இறைக்கத் தொடங்குகின்றன. அவற்றை நீக்கினால் கணக்கு முடிகிறது. அக்கிணறுகள் அமைந்த கட்டறைகளின் கனம் 2 மீட்டரே. கட்டறை வறண்டுபோவது காரணமாகுமா? பட்டியல் கோப்பும் உள்ளீட்டுக் கோப்புகளும் இத்துடன் உள்ளன.’

இம்மடலில் விடையின் முக்காற்பங்கு அடங்கியிருப்பதைக் காண்க. இதற்கு விடை எழுதுவோர், நீர்மட்டம் கட்டறையின் அடியை நெருங்கும்போது இறைப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு மாட்ஃப்ளோ 6இன் கிணற்றுப் பொதியில் உண்டு என்று சுட்டுவார். ‘அவ்வாறு செய்தால் நீர் எழுதிய அளவு நீர் மாதிரியில் இறைக்கப்படாது, மெய்யாக இறைந்தது எவ்வளவு என்பதை வரவுசெலவுப் பட்டியலில் பாரும்’ என்றும் எச்சரிப்பார். அவ்வெச்சரிக்கையே மாணவர்க்குப் பெரும்பேறு. மெய்யான அந்நிலத்திலும் அக்கிணறு அவ்வளவு நீர் தராது என்பது அதன் உட்பொருள் ஆகலாம். மென்பொருள் குறை என்று எண்ணி வந்தவர் நிலத்தைப் பற்றிய உண்மை ஒன்றைக் கொண்டு செல்வார்.

பிழைச் செய்தியைத் தம் சொல்லில் மாற்றிச் சொல்லலாகாது. எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுத்துத் தர வேண்டும். திரையை நிழற்படம் எடுத்து அனுப்பினால் பெறுபவர் அதனைத் தேடவோ ஒப்பிடவோ இயலாது. கோப்பையே அனுப்புதல் நன்று. தொழிற்சாலை ஒன்றின் இறைப்புக் கணக்கு போன்ற மறைகாப்புச் செய்திகள் மாதிரியில் இருப்பின், அவற்றை வெளியிட நமக்கு உரிமை இல்லை. அந்நிலையில் அதே இடர் தோன்றும்படி பத்து வரிசையும் பத்து நிரலும் கொண்ட சிறு மாதிரி ஒன்றைக் கற்பனை எண்களால் அமைத்து அனுப்பலாம். அச்சிறு மாதிரியை அமைத்துக்கொண்டிருக்கும்போதே காரணம் புலப்பட்டு, மடல் எழுத வேண்டிய தேவையே அற்றுப்போவதும் உண்டு.

யாரிடம் கேட்பது என்பதும் எண்ணத்தக்கது. கோப்பின் அமைப்புப் பற்றிய ஐயத்துக்கு முதல் ஆசிரியர் மென்பொருளின் கையேடு. மாட்ஃப்ளோ கையேடுகள் ஒவ்வோர் எண்ணும் எவ்விடத்தில், எப்பொருளில் வர வேண்டும் என்பதை விரிவாகக் கூறுகின்றன. மாதிரி அமைக்கும் முறை பற்றிய ஐயத்துக்கு, 1992இல் முதற்பதிப்பு வந்து 2015இல் விரிந்த பதிப்பாக வெளிவந்த மேரி ஆண்டர்சன், வில்லியம் வூசுனர் நூல் பலர்க்கும் கைவிளக்கு. மென்பொருளிலேயே குறை உண்டெனச் சான்றுடன் கண்டால் இயற்றியோர்க்கு எழுதலாம். ஆனால் ‘என் ஊரில் களிமண் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் உள்ளது, கிழக்கெல்லையில் எதை வைப்பது’ என்னும் கேள்விகளுக்கு வர்ஜீனியாவில் இருப்பவர் விடை சொல்ல இயலுமா? அவ்வூரில் நாற்பதாண்டுகளாகக் கிணறு வெட்டும் பெரியவரே அதற்குரிய ஆசிரியர். எந்த அடியில் மண் நிறம் மாறியது, எந்தக் கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றியது, எந்தத் தெருவில் நீர் முதலில் உவர்த்தது என்பவற்றை அவர் நினைவிலிருந்தே சொல்வார். மாணவர் சிலர் அயல்நாட்டு வல்லுநர்க்கு ஆறு மடல் எழுதுகின்றனர். அடுத்த தெருப் பெரியவரிடம் ஒரு சொல் கேட்பதில்லை. இது எமக்கு வருத்தம் தருகிறது.

விடை பெற்றபின் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. சொன்ன வழி பயன்பட்டதா, வேறு காரணம் இருந்ததா என்பதை, உதவியவர்க்கு இரண்டு வரியில் எழுத வேண்டும். அடுத்த மாணவர்க்கு அவர் அதனைச் சொல்லக்கூடும். தம் கோப்பிலும் குறித்து வைக்க வேண்டும். மாட்ஃப்ளோவின் உள்ளீட்டுக் கோப்புகளில் # என்னும் குறியோடு தொடங்கும் வரியை மென்பொருள் படிக்காமல் கடந்து செல்லும். அவ்வரி மனிதர் படிப்பதற்கு உரியது. எந்த நாளில் எந்த எண்ணை எதனால் மாற்றினோம், அவ்வெண் அளந்து பெற்றதா, நூலில் எடுத்ததா, உத்தேசமாகக் கொண்டதா என்பவற்றை அங்கே எழுதலாம். ஐந்தாண்டு கழித்து அக்கோப்பைத் திறக்கும் வேறொரு மாணவர்க்கு, அருகில் கேட்பதற்கு ஆள் இல்லாத வேளையில், துணையாக இருப்பவை அவ்வரிகள் மட்டுமே.